கடைசி இரண்டு அங்குலம்

பால் ஸ்குரூ ஒன்றை முதன்முதலாகக் கையில் வாங்குகிறவர் தவறாமல் ஒரு காரியம் செய்வார். தண்டைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடிப்பார். அதில் மாட்டியிருக்கும் நட்டு யாரும் தொடாமலே சுழன்றுகொண்டு கீழே இறங்கும். சாதாரண போல்ட்டில் நட்டு அப்படி இறங்கி நாம் பார்த்ததில்லை. அதனால் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. நானும் அதைத்தான் செய்தேன். அடிமுனையில் தடுப்பு எதுவும் இல்லை என்பது உறைப்பதற்குள் நட்டு முனையைத் தாண்டிவிட்டது. உள்ளேயிருந்த பால்ரஸ் எல்லாம் சிமென்ட் தரையில் சிதறி, லேத்துக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் திசைக்கொன்றாக ஓடின.

மிளகைவிடச் சற்றே சிறிய குண்டுகள். விட்டம் 3.175 மில்லிமீட்டர். இதென்ன விசித்திரமான எண் என்று தோன்றும். எட்டில் ஒரு அங்குலம், அவ்வளவுதான். தண்டின் விட்டம் 16 மில்லிமீட்டர், மரை ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர், எல்லாம் மெட்ரிக் கணக்கு. உள்ளே உருளுவது மட்டும் பழைய அங்குலக் குண்டு. காந்தம் கட்டிய குச்சியால் அன்று மாலை முழுக்கத் துழாவி எடுத்தேன். எவர்சில்வர் தட்டில் போட்டு மண்ணெண்ணெயில் கழுவி, நட்டுக்குள் இருக்கும் நான்கு சுற்றுகளுக்கும் பிரித்து வைத்தபோது மூன்று சுற்றுக்குச் சரியாக வந்தது. நான்காவதில் ஒன்று குறைந்தது. அந்த ஒன்று இல்லாமலே நட்டு நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

நட்டு ஏன் தானாக இறங்குகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். சாதாரணத் திருகில் இரும்பின் மேல் இரும்பு வழுக்குகிறது. நாம் கொடுக்கும் வேலையில் பாதிக்கு மேல் அந்த உராய்விலேயே சூடாகிப் போய்விடும். பால் ஸ்குரூவில் தண்டின் மரையும் நட்டின் மரையும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் குண்டுகள் உருண்டு, ஒரு சுற்று முடிந்ததும் நட்டுக்குள் இருக்கும் வளைவான வழியாக ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்புகின்றன. இதனால் கொடுத்த வேலையில் ஏறத்தாழ 90 சதவீதம் மறுபக்கம் வந்து சேர்கிறது. அமெரிக்காவில் 1898ஆம் ஆண்டு ஸ்டீவன்சன், க்ளென் என்ற இருவர் தனித்தனியாக இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். இன்று லாரி ஸ்டியரிங் பெட்டிகள் பலவற்றுக்குள் இருப்பதும் இதே யோசனைதான்.

90 சதவீதம் என்றால் என்னவென்று கையில் பிடித்துப் பார்ப்போம். ஒரு நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்பது 10 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டது மாதிரி. சின்ன ஸ்டெப்பர் மோட்டாரே அதைக் கொடுத்துவிடும். அந்த முறுக்கை 5 மில்லிமீட்டர் பால் ஸ்குரூவில் கொடுத்தால் நட்டு சுமார் 115 கிலோ எடையைத் தள்ளும் பலத்தோடு நகரும். இதில் ஒரு விலையும் உண்டு. திருகைச் சுழற்றினால் நட்டு நகர்வது எவ்வளவு எளிதோ, நட்டைத் தள்ளினால் திருகு சுழல்வதும் ஏறத்தாழ அவ்வளவு எளிது. என் சின்ன மில்லிங் மெஷினில் ஒருநாள் கரண்ட் போனதும் ஸ்பிண்டில் தலை சத்தமில்லாமல் கீழே இறங்கி, மேசையில் கட்டியிருந்த அலுமினியத் துண்டின் மேல் சாய்ந்து நின்றது. அன்றிலிருந்து அந்த அச்சுக்கு பிரேக் உண்டு.

திருகின் நேர்த்தியைப் பற்றி விற்பவர்கள் நிறையப் பேசுவார்கள். உருட்டிச் செய்த மலிவான தண்டுகள் பெரும்பாலும் ‘சி7’ என்ற தரத்தில் வரும். 300 மில்லிமீட்டர் ஓட்டத்துக்கு 0.05 மில்லிமீட்டர் வரை பிழை இருக்கலாம் என்று பொருள். நம் தலைமுடியை விட மெல்லிய பிழை. அது எப்போதும் அதே இடத்தில் அதே அளவில் இருக்கும் என்பதால் ஒருமுறை அளந்து கணினியில் திருத்திக்கொள்ளலாம். எனக்குத் தலைவலி தந்தது அதுவல்ல. தண்டைப் பிடித்து நிறுத்தும் முனைகள். ஒரு மீட்டர் தண்டில் கடைசி இரண்டு அங்குலம். திருகு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது மொத்தமாக முன்னும் பின்னும் 0.1 மில்லிமீட்டர் ஆடுமானால், மேசையும் அத்தனை ஆடும். இந்த ஆட்டத்தையும் மென்பொருளில் ஈடுகட்டலாம் என்பார்கள். ஓரளவுக்கு முடியும். ஆனால் வெட்டும் கட்டர் மேசையைத் தன் பக்கம் இழுக்கும் நொடியில், எந்தப் பக்கம் ஆட்டம் இருக்கிறது என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

நான் வாங்கியது முனை கடையாத வெறும் தண்டு. விலை குறைவு. தவிர, வீட்டில் லேத்தை வைத்துக்கொண்டு முனையை வெளியில் கொடுத்துக் கடைவதா என்ற வீறாப்பும் இருந்தது. செய்ய வேண்டியது இதுதான். மோட்டார் பக்கத்து முனையை 12 மில்லிமீட்டருக்குக் கடைந்து, அதில் இரண்டு பேரிங் உட்கார வேண்டும். அவற்றை இறுக்க 1 மில்லிமீட்டர் புரியுள்ள நுண்மரை வேண்டும். அதற்கப்பால் மோட்டார் இணைப்புக்கு 10 மில்லிமீட்டர் மூக்கு. மறுமுனையை 10 மில்லிமீட்டருக்குக் கடைந்து அதில் ஒரே ஒரு பேரிங். தாளில் வரைந்தால் பத்து நிமிட வேலை.

தண்டைச் சக்கில் கட்டி, வழக்கமான ஹைஸ்பீட் ஸ்டீல் உளியை வைத்தேன். கீச்சென்று ஒரு சத்தம். தண்டில் ஒரு பளபளப்பு. உளியின் முனையில் மழுங்கல். கோவை கணபதிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் டர்னர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “சார், மாட்டுறதுக்கு முன்னாடி அரம் போட்டுப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்து அரத்தை வைத்து இழுத்தேன். கண்ணாடி மேல் இழுத்தமாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

தண்டின் மேல்தோல் தூண்டல் முறையில் கடினமாக்கப்பட்டது. மின்காந்தத்தால் தோலை மட்டும் நொடிகளில் செந்தணலாக்கி, உடனே நீரைப் பாய்ச்சிக் குளிர்விப்பார்கள். சூட்டில் இரும்பின் அணு அடுக்குக்குள் கரைந்திருந்த கார்பன் வெளியே வர அவகாசம் கிடைக்காமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அடுக்கு நெளிந்து இறுகிப்போகும். ஜெர்மானியரான அடோல்ஃப் மார்ட்டன்ஸ் பெயரால் இதை மார்ட்டென்சைட் என்கிறோம். ராக்வெல் அளவில் 58 முதல் 62 வரை. அரத்தின் கடினமும் ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது. இந்தத் தோல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான். உள்ளே இருப்பது சாதாரண எஃகு.

மாட்டிக்கொண்ட கார்பனை விடுவிக்கத் தெரிந்த வழி மறுபடி சூடாக்குவது. அறுத்துப் போட்ட ஒரு சாண் துண்டில் பரிசோதித்தேன். மரைப் பக்கம் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, முனையில் கேஸ் டார்ச்சைக் காட்டினேன். முனை சிவந்துகொண்டிருக்கும்போதே, தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்த பகுதியில் ஒரு நிற ஊர்வலம் கிளம்பியது. முதலில் வைக்கோல் நிறம், பின்னாலேயே பழுப்பு, ஊதா, நீலம். எஃகின் மேல் படரும் ஆக்சைடு ஏட்டின் தடிமன் மாற மாற ஒளி வேறு வேறு நிறத்தில் தெரிகிறது. வைக்கோல் நிறம் என்றால் 220 டிகிரி, நீலம் என்றால் 300 டிகிரி வாக்கில். வெப்பமானியே தேவையில்லை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நீலம் ஈரத்துணி வரை நடந்து போவதைப் பார்த்ததும், நல்ல தண்டில் இதைச் செய்யக்கூடாது என்று முடிவு செய்தேன். குண்டு உருளும் மரை மெத்துப்போனால் திருகே வீண். வேறு வழியில்லாதவர்கள் இப்படிச் செய்து நல்லபடி முடித்ததும் உண்டு. நான் அதைத் தவறென்று சொல்லமாட்டேன்.

கடினமான எஃகை வெட்ட அதைவிடக் கடினமான உளி வேண்டும். வைரம்தான் எல்லாவற்றிலும் கடினம். இங்கே அது உதவாது. வைரமும் கார்பன். வெட்டும் இடத்தின் சூட்டில் இரும்பு அந்தக் கார்பனைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். சர்க்கரைக் கரண்டியால் காப்பி கலக்குவது மாதிரி ஆகிவிடும். 1957இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் வென்டார்ஃப், கார்பனுக்குப் பதிலாக போரானையும் நைட்ரஜனையும் மிகுந்த அழுத்தத்தில் சேர்த்து வைரத்தின் அடுக்கமைப்பிலேயே ஒரு பொருளைச் செய்தார். கியூபிக் போரான் நைட்ரைடு, பட்டறையில் சிபிஎன். இரும்போடு அது எளிதில் உறவு கொள்ளாது, ஆயிரம் டிகிரியைத் தாண்டினாலும் அசையாது. கார்பைடு இன்சர்ட்டின் மூலையில் அரிசி நொய்யளவுக்கு அதை ஒட்டி விற்கிறார்கள். அந்த நொய்யின் விலையைச் சொன்னால் வீட்டில் பிரச்சினை வரும்.

சிபிஎன்னுக்கு வேகம் பிடிக்கும். நிமிடத்துக்கு 120 மீட்டர் வெட்டு வேகம் என்றால், 16 மில்லிமீட்டர் தண்டை 2,400 சுற்றில் ஓட்ட வேண்டும். லேத் ஓடும். தண்டுதான் ஓடாது. ஸ்பிண்டில் துளை வழியாகத் தண்டின் முக்கால் மீட்டர் லேத்தின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் அது சாட்டையாக வளைந்து, பக்கத்தில் நிற்பவரின் கையையோ தலையையோ பதம் பார்க்கும். லேத் விபத்துகளில் இது பழைய வகை. நான் பின்பக்கம் ஒரு மரக்கட்டையில் துளையிட்டு, நைலான் புஷ் வைத்து, தரையில் ஊன்றிய ஸ்டாண்டில் கட்டினேன். அப்படியும் 600 சுற்றுக்கு மேல் ஓட்டவில்லை. வெட்டு மெதுவாக நடந்தது. நடக்காமல் இல்லை.

முதல் வெட்டு காதுக்கு இனிமையாக இருக்காது. தண்டைச் சுற்றிலும் மரைப் பள்ளம் ஓடுவதால் உளி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை பள்ளத்தில் விழுந்து, எதிர்க்கரையில் முட்டி ஏறுகிறது. டக்-டக்-டக் என்று அடித்துக்கொண்டே போகும். சுருள் வராது, ஊசி ஊசியாகத் துணுக்குதான் தெறிக்கும். அந்தத் துணுக்கு ஒன்று மரைக்குள் போனால் குண்டுகளுக்கு எமன் என்பதால், சக்குக்கு வெளியே தெரிந்த மரையை எல்லாம் கிரீஸ் தடவி டேப் சுற்றி மூடியிருந்தேன். 13 மில்லிமீட்டரைத் தாண்டிப் பள்ளம் மறைந்ததும் டக்-டக் நின்றது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனதும் ஓசையே மாறி, முதல் சுருள் நீலமாக நீண்டு வந்தது. தோல் முடிந்து சதை வந்துவிட்டது.

தண்டைப் பிடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சக்கின் தாடைகள் மரையின் முகடுகளை நேரே கவ்வக்கூடாது. நீளவாக்கில் பிளந்த பித்தளைப் புஷ்ஷுக்குள் தண்டைச் செருகி, நான்கு தாடைச் சக்கில் கட்டி, டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு தாடையாகத் தட்டித் தட்டி மையப்படுத்த வேண்டும். கடையும் முனையின் மையமும் மரையின் மையமும் ஒன்றாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தண்டு கயிறாட்டம் ஆடும். முள் 0.01க்குள் நிற்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கடைந்து முடித்தது அதைவிடக் குறைந்த நேரத்தில்.

12 மில்லிமீட்டர் என்று எழுதுவது எளிது. பேரிங்கின் துளை 12.000க்கும் 11.992க்கும் நடுவில் எங்கோ இருக்கும். தண்டு 12.000க்கும் 11.989க்கும் நடுவில் இருந்தால் பேரிங் விரலால் தள்ள ஏறும், ஆடாது. 11 மைக்ரான் ஜன்னல். என் லேத்தின் டயலில் ஒரு கோடு என்பது விட்டத்தில் 20 மைக்ரான். ஜன்னலைவிட என் காலடி பெரிது.

இதற்கு டர்னர்களிடம் பழைய தந்திரம் ஒன்று உண்டு. மேல் ஸ்லைடைத் தண்டுக்குக் கிட்டத்தட்ட இணையாக, 5.7 டிகிரி மட்டும் சாய்த்து வைத்துவிட்டால், அதில் 0.01 நகர்த்தும்போது உளி தண்டை நோக்கி 0.001 மட்டுமே நகரும். பத்தில் ஒன்று. எட்டாம் வகுப்பு முக்கோணக் கணக்கு. ஆனால் மைக்ரான் மைக்ரானாக உளியை நகர்த்தினால் மைக்ரான் மைக்ரானாக வெட்டும் என்று நம்பினால் ஏமாந்துபோவோம். உளியின் விளிம்பு எவ்வளவு கூரானாலும் அதற்கும் ஒரு உருட்டு உண்டு. அதைவிட மெல்லிய வெட்டைக் கொடுத்தால் உளி வெட்டாது, தேய்க்கும். மூன்று முறை தேய்த்துவிட்டு நான்காவது முறை எல்லாவற்றையும் சேர்த்துக் கடித்துவிடும். அதனால் கடைசி மூன்று வெட்டையும் ஒரே ஆழமாகப் பிரித்து வைக்க வேண்டும். முதல் இரண்டில் உளி எவ்வளவு எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டு, மூன்றாவதில் அதையே நம்ப வேண்டும். மிச்சமிருக்கும் இரண்டு மூன்று மைக்ரானை எண்ணெய் தோய்த்த நைஸான உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும்.

கடைந்த கையோடு மைக்ரோமீட்டரை வைத்தேன். 12.010. இன்னும் எடுக்கலாம் என்று உளியைத் தொட்ட கை, தண்டையும் தற்செயலாகத் தொட்டது. சுட்டது. லேத்தை நிறுத்திவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடி அளந்தேன். 12.005. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் நீளும். 12 மில்லிமீட்டர் தண்டு அறையைவிட 36 டிகிரி சூடாக இருந்தால் 5 மைக்ரான் கொழுத்துக் காட்டும். என் ஜன்னலில் பாதியை அந்தச் சூடே விழுங்கிவிட்டது. அளவெல்லாம் 20 டிகிரியில் சொல்லப்பட வேண்டும் என்று உலகம் 1931இல் ஒப்புக்கொண்டது. நம்மூர் மே மாதத்தில் 20 டிகிரிக்கு எங்கே போவது? போக வேண்டியதில்லை. தண்டும் எஃகு, பேரிங்கும் எஃகு, மைக்ரோமீட்டரும் எஃகு. மூன்றும் ஒரே சூட்டில் இருந்தால் மூன்றும் சேர்ந்தே நீளும். ஆறுவதற்குப் பொறுமை இருந்தால் போதும். தாளால் தேய்த்து 12.003இல் நிறுத்தினேன். மூன்று மைக்ரான் கூடுதல்தான். குறைந்துவிடுமோ என்ற பயம் கையைப் பிடித்துக்கொண்டது. உண்மையில் குறைந்திருந்தாலும் பெரிய குற்றமில்லை. காற்றுப் புகாத இடுக்கில் இறுகும் லாக்டைட் வகைப் பசை இருபது மைக்ரான் இடைவெளியைக்கூட நிரப்பிவிடும். அதை ஏமாற்று வேலை என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நுண்மரையை டை வைத்துப் போடாமல் லேத்திலேயே உளியால் போட்டேன். டை கொஞ்சம் சாய்ந்தால் மரையும் சாயும், அதில் ஏறும் நட்டின் முகமும் சாயும். சாய்ந்த நட்டை இறுக்கினால் பேரிங் ஒரு பக்கமாக நசுங்கி, தண்டையே வளைத்துவிடும். இன்னொரு சிக்கலும் இருந்தது. பேரிங் முட்டி நிற்க வேண்டிய தோள்பட்டை முழு வட்டமாக இல்லை. மரைப் பள்ளம் அதில் ஒரு பக்கத்தைக் கடித்திருந்தது. பேரிங்குக்கும் தோளுக்கும் நடுவில், இரு முகமும் இணையாகக் கடைந்த ஒரு தடித்த வளையத்தைப் போட்டு அந்தக் குறையை மறைத்தேன்.

இனி பேரிங். முதலில் கையிலிருந்த இரண்டு சாதாரண 6001 பேரிங்குகளையே போட்டுப் பார்த்தேன். இறுக்கிவிட்டு தண்டைத் தள்ளி இழுத்தால் டயல் கேஜில் 0.09 ஆட்டம். பேரிங் பழுது இல்லை. அதன் பிறவி அப்படி. அந்த வகையில் குண்டுக்கும் பாதைக்கும் நடுவில் சில மைக்ரான் இடம் வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். குறுக்குவாட்டில் சில மைக்ரானாக இருக்கும் அந்த இடம், ஆழமான வளைந்த பாதையில் நீளவாட்டில் பத்து மடங்காகப் பெருகித் தெரியும். இன்னும் துல்லியமான பேரிங் வாங்கினாலும் இடைவெளி குறையுமே தவிர இல்லாமல் போகாது. ஆட்டத்தை ஒழிக்க ஒரே வழி இரண்டு பேரிங்குகளை ஒன்றுக்கு எதிராக ஒன்றை வைத்து நெருக்குவது.

இதை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை, எங்கள் தெருமுனை சைக்கிள் கடை. முன்சக்கரத்தைக் கழற்றி, பழைய கிரீஸை வழித்து, புது பால்ரஸ் அடுக்கி, கோனைத் திருகி, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார் கடைக்காரர். வால்வு கனத்தில் சக்கரம் தானாக முன்னும் பின்னும் ஆடி நிற்க வேண்டும். பிறகு ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைப்பார். “ஆட்டமும் இருக்கப்படாது, அடமும் பிடிக்கப்படாது கண்ணு” என்பார். சக்கரத்தின் இருபுறமும் இருக்கும் கோன்கள் குண்டுகளை உள்நோக்கிச் சாய்வாக நெருக்குகின்றன. பொறியியல் புத்தகத்தில் இதற்குப் பெயர் கோணத் தொடுகைப் பேரிங்குகளை முதுகோடு முதுகு சேர்த்தல். நான் வாங்கிய 7001 ஜோடியும் அதே ஏற்பாடுதான். உள்ளே இருக்கும் குண்டுகூட சைக்கிள் முன்சக்கரத்தில் வழக்கமாகப் போடும் பதினாறில் மூன்று அங்குலக் குண்டேதான்.

நெருக்கினால் ஏன் விறைப்பு கூடுகிறது? 1880 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பெர்லினில் 23 வயது இளைஞர் ஒருவர் கண்ணாடி வில்லைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தினால் தொடும் இடம் எப்படி அமுங்கும் என்பது அவர் கேள்வி. விடுமுறை முடிவதற்குள் விடை கையில் இருந்தது. ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், பின்னாளில் வானொலி அலைகளைக் கண்டு, அதிர்வெண்ணுக்கே தன் பெயரைக் கொடுத்தவர். அவர் கணக்குப்படி, குண்டு சமதளத்தைத் தொடுவது முதலில் வெறும் புள்ளி. அழுத்த அழுத்த அந்தப் புள்ளி பரந்து வட்டமாகிறது. வட்டம் பெரிதாகப் பெரிதாக மேலும் அமுக்குவது கடினமாகிறது. எட்டு மடங்கு விசை கொடுத்தால் நான்கு மடங்குதான் அமுங்கும். அதாவது குண்டு மெத்தென்று இருப்பது தொட்ட முதல் நொடியில்தான். அந்த மெத்தான பகுதியை முன்கூட்டியே அழுத்திக் கழித்துவிட்டால், வேலை செய்யும்போது விறைப்பான பகுதி மட்டும் மிஞ்சும். ஜோடியில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு பக்கம் தள்ளும்போது ஒரு பேரிங் மேலும் அமுங்க, மற்றது அதே அளவு தளர்ந்து கைகொடுக்கிறது. வெளிவிசை முன் அழுத்தத்தைப்போல் சுமார் 2.8 மடங்கு வந்தால்தான் தளரும் பேரிங் முழுதாக விட்டுவிடும். அதுவரை ஆட்டம் என்ற பேச்சே இல்லை.

எவ்வளவு நெருக்குவது? தொழிற்சாலையில் ஜோடியாக அரைத்து வருபவற்றில் அது முன்கூட்டியே கணக்கிடப்பட்டிருக்கும். என்னுடையவை ஜோடி சேராதவை. இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவில் வெளிவளையத்துக்கு ஒன்று, உள்வளையத்துக்கு ஒன்று என இரு இடைவளையங்களைக் கடைந்தேன். இரண்டையும் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய உப்புத்தாளில் எட்டு வடிவில் தேய்த்து ஒரே தடிமனுக்குக் கொண்டுவந்தேன். பிறகு உள்வளையத்தை மட்டும் இன்னும் 10 மைக்ரான் தேய்த்தேன். நட்டை முழுதாக இறுக்கும்போது உள்வளையங்கள் அந்த 10 மைக்ரானை மூடிக்கொண்டு நெருங்கும். அதற்கு மேல் எத்தனை பலமாக இறுக்கினாலும் நெருங்காது. சைக்கிள் கடைக்காரரின் விரல் செய்யும் வேலையை இங்கே இரண்டு வளையங்களின் தடிமன் வித்தியாசம் செய்கிறது.

12.003 தண்டில் பேரிங்கைக் குளிர்ந்தபடி ஏற்ற முடியாது. சுத்தியலால் வெளிவளையத்தில் தட்டினால் அடி முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் உள்வளையத்துக்குப் போகும். பாதையில் குண்டுக்கொரு குழி விழும். குண்டின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நிரந்தரப் பள்ளம் என்பதுதான் பேரிங்கின் நிலைச்சுமை எல்லைக்கே வரையறை. நம் குண்டுக்கு அது அரை மைக்ரான்கூட இல்லை. ஆகவே சூடாக்க வேண்டும். 60 டிகிரி ஏற்றினால் 12 மில்லிமீட்டர் துளை 8 மைக்ரான் விரியும். எனக்கு அது போதும். தோசைக்கல்லை எடுத்தேன். தோசைக்கல்லில் தெளித்த நீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால் கல் 190 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். தன் நீராவி மெத்தை மேலேயே துளி மிதக்கிறது. லைடன்ஃப்ராஸ்ட் 1756இல் இதை எழுதி வைத்தார். தோசைக்கு அந்தச் சூடு நல்லது, பேரிங்குக்கு ஆகாது. 120 டிகிரியைத் தாண்டினால் எஃகின் பதம் கெடத் தொடங்கும். மூடி போட்ட பேரிங் என்றால் 80 டிகிரியோடு நிறுத்துவது நல்லது. துளி சீறாமல் மெதுவாக வற்றும் சூட்டில் அடுப்பை அணைத்துவிட்டு, கல்லின் மேல் துணி விரித்து, அதன் மேல் பேரிங்குகளை வைத்து மூடினேன். கால் மணி கழித்துத் துணியோடு எடுத்துத் தண்டில் விட்டபோது சத்தமில்லாமல் வழுக்கித் தோளில் போய் நின்றது. இரண்டு மூச்சுவிடும் நேரத்தில் கவ்விக்கொண்டது. கையை எடுக்க ஒரு நொடி தாமதித்திருந்தால் பாதி வழியிலேயே நின்றிருக்கும்.

மறுமுனை இவ்வளவு பாடு படுத்தவில்லை. அங்கே ஒரே ஒரு 6000 பேரிங், தண்டில் ஒரு சர்க்லிப். பேரிங்கின் வெளிவளையம் தன் கூட்டுக்குள் நீளவாட்டில் நகர்ந்துகொள்ளலாம். இரண்டு முனையையும் இறுக்கிவிட்டால் இன்னும் பலமாக இருக்குமே என்று தோன்றும். ஒரு மீட்டர் தண்டு ஓடி ஓடி 10 டிகிரி சூடானால் 0.115 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். நீள விடாமல் இருபுறமும் அசையாமல் பிடித்தால், 13 மில்லிமீட்டர் வேர் விட்டமுள்ள தண்டு முந்நூறு கிலோவுக்கு மேல் பேரிங்கைத் தள்ளும். பெரிய இயந்திரங்களில் தண்டை முன்கூட்டியே இழுத்து நீட்டிக் கட்டி இதைச் சமாளிக்கிறார்கள். வீட்டில் அது வேண்டாத வம்பு. அதற்காக அந்த முனையை அந்தரத்தில் விட்டுவிடவும் முடியாது. ஒரு முனையை மட்டும் இறுகப் பிடித்த ஒரு மீட்டர் தண்டைச் சுமார் 440 சுற்றுக்கு மேல் நம்பி ஓட்ட முடியாது. அதன் பிறகு சாட்டையாட்டம். மறுமுனைக்கு இந்த ஒற்றைப் பேரிங்கைக் கொடுத்தால் எல்லை 1,900ஐத் தாண்டுகிறது.

எல்லாவற்றையும் மெஷினில் ஏற்றும்போது ஒரு ஒழுங்கு உண்டு. போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, மேசையை மோட்டார் பக்கத்துக் கூட்டின் ஓரம் வரை கொண்டுவந்து, அந்தக் கூட்டை அங்கே இறுக்க வேண்டும். பிறகு மறுகோடிக்கு ஓட்டிப்போய் மற்றதை இறுக்க வேண்டும். நட்டு நடுவில் இருக்கையில் கோணல் எதுவும் தெரியாது, தண்டு வளைந்து கொடுத்துவிடும். முனைக்கு வரும்போதுதான் வளைய இடமில்லாமல் கை கனக்கும். என் மெஷினில் ஒரு கூட்டின் அடியில் சிகரெட் அட்டைத் தடிமனுக்கு ஒரு பித்தளைத் தகடு இன்றும் இருக்கிறது.

கடைசியில் ஆட்டத்தை அளக்க வேண்டும். தண்டு முனையின் நடுவில் சென்டர் துளை இருப்பதால் டயல் கேஜின் முனையை நேரே வைக்க இடமில்லை. ஓரத்தில் வைத்தால் தண்டு சுழலும்போது முகத்தின் கோணலும் சேர்ந்து காட்டும். துளையில் கிரீஸ் தடவி ஒரு குண்டை ஒட்டவைத்து, அதன் உச்சியில் கேஜை வைப்பதுதான் வழக்கம். குண்டு தேடினேன். இழுப்பறையில் இருந்தவை எல்லாம் துளைக்குப் பெரிதாக இருந்தன. லேத்தின் அடித்தட்டில் சேர்ந்திருந்த துணுக்கை வழித்துக் கொட்டும்போது, எண்ணெய்ச் சேற்றுக்குள் ஒன்று மின்னியது. துடைத்து மைக்ரோமீட்டரில் வைத்தேன். 3.175.

கிரீஸ் தடவிச் சென்டர் துளையில் அதை உட்கார வைத்தேன். மேசையை இரு கையாலும் பலங்கொண்ட மட்டும் தள்ளினேன், இழுத்தேன். முன்பு ஒன்பது கோடு ஓடிய முள், இப்போது அரைக் கோடு அசைந்து திரும்பியது. அந்தக் குண்டு இன்னும் அங்கேயேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நட்டுக்குத் திருப்பித் தரவில்லை.